வெள்ளைத் தட்டில் நீலம்

மார்ச் 2

தம்பிக்கு,

போனில் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். போனில் நீ பாதியில் தும்முகிறாய், நான் பாதியில் கத்துகிறேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்குமே தெரிவதில்லை. எழுதினால் நிற்கும். "நான் எப்போது அப்படிச் சொன்னேன்" என்று நாளைக்கு நீ மாற்ற முடியாது. வேலை பார்த்த காலமெல்லாம் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் போட்டவன் நீ. இனி உன் அக்கா கடிதத்தையும் கொஞ்சம் படி.

பேத்தியைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாய். மறுநாள் பால் எடுக்கப் போகிறேன், ஃபிரிட்ஜ் கதவில் உன் கையெழுத்து ஒட்டியிருக்கிறது. "அக்கா, வீட்டைச் சுத்தம் செய்ய வாரம் ஒருமுறை ஆள் வை. வைத்தால் திரும்பி வருகிறேன்." ஏன், இதை என் முகத்துக்கு நேரே சொல்ல வாய் இல்லையா? பால் பாத்திரத்திடம்தான் சொல்லத் தோன்றியதா?

நான் சுத்தமில்லாதவளா? அதைச் சொல். இந்த வீடு என் கையால் தைத்த திரைச்சீலையிலும் சோபா உறையிலும் வாங்கிய வீடு. உன் மனைவி போன பிறகு நீ இங்கே வந்தாய். வா என்றேன். பின்னறையைக் காலி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வீட்டை யாரும் குறை சொன்னதில்லை. உறை தைக்கக் கொடுக்க வந்த பல் டாக்டர், பல்லைத் தவிர எதையும் பாராட்டாத மனிதர், அவரே சொன்னார், "உங்க வீட்டுத் தரையிலேயே உக்காந்து சாப்பிடலாம்" என்று. தரையைத் தினமும் பெருக்கியது நான்தானே என்று நீ கேட்பாய். பெருக்கினாய், யார் இல்லையென்றார்கள்? எப்படிப் பெருக்க வேண்டும் என்று சொன்னது யார்?

தும்மல் என்கிறாய். மூக்குள்ளவரை சளி உண்டு. நீ தொட்டிலில் கிடந்தபோதே தும்மியவன். உன் தும்மலுக்குப் பயந்து பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி ஓடியது எனக்கு நினைவிருக்கிறது.

தைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பழைய சோபா உறையைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பி, பார்த்துப் பார்த்துக் கற்றேன். சோபாவுக்குச் சொந்தக்காரி வாசலில் வந்து நின்றபோது அதைத் திரும்பத் தைத்துக் கொடுக்கவும் கற்றிருந்தேன். அப்படிப்பட்டவளுக்கு வீடு பெருக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டுமாம்.

ஆள் வேண்டாம். சரி, நீ ஆசைப்பட்டுவிட்டாய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இல்லை, போகட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதற்குமேல் இறங்க மாட்டேன். பேத்தியிடம் பெரிய பாட்டி கேட்டேன் என்று சொல். உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கோபம் மாறாத அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் கடித உறையின் ஒட்டைத்தான் பார்த்தேன், பழைய வேலைப் பழக்கம் விடவில்லை. பசையில் ஒரு மஞ்சள் நூல் துணுக்கு மாட்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டுத் திரையை ஆரம்பித்துவிட்டாய் போலிருக்கிறது. அவர் மனைவி கேட்ட மஞ்சளா, நீ அவர் தலையில் கட்டிய மஞ்சளா?

நேரில் சொல்ல வாய் இல்லையா என்று கேட்டிருந்தாய். சொன்னேன் அக்கா. பல தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறந்தவுடன் நீ மெஷினை ஓடவிட்டாய். அந்தச் சத்தத்தில் என் குரல் கேட்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் மட்டும்தான் அந்த வீட்டில் நின்று கேட்கும்.

நான் உன்னைச் சுத்தமில்லாதவள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நான் என்ன புத்தி கெட்டவனா? எனக்கு இப்போதெல்லாம் குனிந்தால் நிமிர்வதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டால், அதைத் திரும்ப எடுக்க வேண்டுமே என்ற கவலை காலையிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் ஆள் கேட்டேன்.

தும்மலைப் பற்றி. இங்கே வந்த இரண்டாம் நாள் அது நின்றுவிட்டது. மகள் பயந்துபோய், "அப்பா, உடம்பு ஏதாவது சரியில்லையா? தும்மவே காணோமே" என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தூசி ஒத்துக்காத மூக்கு. வயசாக ஆக இன்னும் ஒத்துக்காது. இருமலாக மாறவிடாதீங்க" என்றார். அவ்வளவுதான். மருந்துகூட எழுதவில்லை.

மகள் வீட்டில் வாரம் ஒருமுறை இரண்டு பேர் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்கள். யாருடைய மானமும் போனதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை அந்த நேரத்தில் சோபாமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்க்கிறார். அது ஒன்றுதான் அவர் அந்தச் சுத்தத்துக்குச் செய்கிற உதவி.

மூன்று மாதம் என்பது தண்ணீர்த் தொட்டி கழுவுகிற கணக்கு. வாரம் ஒருமுறை வை, நான் பெட்டியைக் கட்டுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தாராம். என்னைக் கேட்டிருந்தால் விளக்கில்லாமலே சொல்லியிருப்பேன்.

ஆனாலும், ஒன்றும் செய்யாமல் வாய் மட்டும் பேசுகிறாள் என்று நீ உன் மகளிடம் சொல்லக்கூடாது. அதனால் ஆள் கூப்பிட்டேன். பல் டாக்டர் வீட்டுக்குப் போகிறவள். நீளக் குழாய் வைத்த உறிஞ்சு மெஷினோடு வந்தாள், அதனால் அவளைக் குழாய்க்காரம்மா என்றே வைத்துக்கொள். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். வெளி ஆள் முதல்முதலாக வருகிறாளே, வீடு போட்டது போட்டபடி இருந்தால் என்ன நினைப்பாள் என்று, புதன்கிழமை முழுக்க நான் வீட்டைச் சுத்தம் செய்தேன். சமையலறை அலமாரியின் உச்சி, மின்விசிறி இறக்கை, குளியலறைக் கண்ணாடி, ஒன்று விடவில்லை. முதுகு விட்டுப்போயிற்று.

வந்தாள். சுற்றிப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"வீடு சுத்தமாத்தானேம்மா இருக்கு? என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"என் தம்பி சொன்னான்."

"தம்பி எங்க?"

"ஓடிட்டான்."

"அப்ப யாருக்காகச் சுத்தம் பண்றோம்?"

உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி. வந்த பாவத்துக்கு மெஷினை ஓட்டினாள். நான் பின்னாலேயே போனேன். வெட்டு மேசைக்கு அடியில் குழாயை நீட்டினாள், "அங்கே வேண்டாம், குண்டூசி இருக்கும்" என்றேன். தையல் மெஷினுக்குப் பின்னால் போனாள், "அதைத் தொடாதே, பெல்ட் கழன்றுவிடும்" என்றேன். பின்பக்கத்துக் கார் அறைக் கதவைத் தட்டி, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். "காரைத் தவிர எல்லாம் இருக்கு, திறக்காதே" என்றேன். கடைசியில் அவள் மெஷினை அணைத்துவிட்டு, "அம்மா, ஒண்ணு நான் பெருக்கணும், இல்ல நீங்க பெருக்கணும். ரெண்டு பேரும் ஒரே குழாயைப் பிடிச்சா எப்படி?" என்றாள். வாய்க்காரி. ஆனால் டீயைச் சரியான சூட்டில் குடிக்கத் தெரிந்தவள்.

ஆக, தொழில் தெரிந்த ஒருத்தியே என் வீட்டைப் பார்த்து "சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டாள். இதற்குமேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்?

நீ இதையும் ஒத்துக்கொள்ள மாட்டாய். நீ பிடித்த முயலுக்கு மூன்று கால். அதனால் நானே ஒரு சோதனை ஆரம்பித்திருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் எடுக்கிற வெள்ளைப் பீங்கான் தட்டுகளை நன்றாகக் கழுவித் துடைத்து, அறைக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, என் அறையில் ஒன்று, கூடத்தில் வெட்டு மேசையின் கோடியில் ஒன்று. உன் அறையிலும் ஒன்று. உன் அறையில் ஜன்னலை மூடிக் கொக்கி போட்டு, கதவையும் சாத்தி, கதவிடுக்கில் துணி வைத்து அடைத்திருக்கிறேன். யாரும் இல்லாத, காற்றுப் புகாத அறை. அந்தத் தட்டில் ஒரு பொட்டுத் தூசி விழாது. அப்போது தெரியும், தூசி வீட்டில் இல்லை, நீதான் எங்கேயோ போய் வாங்கி வருகிறாய் என்று.

மாதக் கடைசியில் தட்டுகளைப் பார்ப்பேன். கண்டதைக் கண்டபடி எழுதுவேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மூன்று மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை வரை இறங்கியிருக்கிறேன். குழாய்க்காரம்மாவின் டீ குடிக்கிற அழகுக்காக. உனக்காக இல்லை.

அக்கா

மார்ச் 18

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மகள் உரக்கப் படித்தாள். "ஓடிட்டான்" என்ற இடத்தில் மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, பல்வரிசை நன்றாகவே இருக்கிறது.

சுத்தம் செய்ய ஆள் வருகிறாள் என்பதற்காக அதற்கு முந்தின நாள் வீட்டைச் சுத்தம் செய்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான் என்று நினைத்தேன். மகள், "இல்லப்பா, நானும் அப்படித்தான், அவங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுடுவேன்" என்கிறாள். அத்தை புத்தி எங்கே போகும்.

தட்டுச் சோதனை நல்ல சோதனை. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பார்க்கிற நாள்வரை எந்தத் தட்டையும் துடைக்காதே. உன் கை சும்மா இருக்காது, முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவாய். பேத்தி இதைக் கேட்டுவிட்டுத் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால் அதில் பாதி பிஸ்கட் இருந்தது. தூசி பிஸ்கட்டாக மாறிவிட்டது என்று சாதிக்கிறாள். உன் வாரிசு.

இந்தத் தடவை ஒட்டில் நீலம். அடர்ந்த நீலம், கொஞ்சம் பஞ்சு மாதிரி. விடுதிக்காரர் கேட்டிருந்த கனத்த திரைகள்தானே? அத்தனை ஜன்னலுக்குமா? ஒரு பாகத்தைத் தூக்கும்போதே கை ஓய்ந்துவிடுமே. வழக்கம்போல் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கூடத்தில் நின்று உதறுகிறாயா? தனியாக உதறாதே, தோள்பட்டை போய்விடும். மறுமுனையைப் பிடிக்க நான் இல்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்.

இங்கே எல்லாம் சுகம்தான். நேரத்துக்குச் சாப்பாடு, மெத்தென்ற செருப்பு, படிக்க வெளிச்சம். ஆனால் காலையில் பேப்பரைப் பிரித்தால் இரண்டு பக்கம் தாண்டவில்லை. என்ன குறைகிறது என்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, சத்தம் இல்லை. உன் மெஷின் ஓடி ஓடி நிற்கும் இல்லையா, அது நிற்கிறபோது ஒரு பத்தி முடித்து நிமிர்ந்து பழகிவிட்டது. இங்கே எங்கே நிமிர்வது என்றே தெரியவில்லை.

மாதம் ஒருமுறை வரை வந்துவிட்டாய். இன்னும் கொஞ்சம் வா.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

தட்டுச் சோதனை ரத்து.

பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்து தட்டுகளில் நடந்துவிட்டது. அதனால் அதில் கண்டது எதுவும் செல்லாது. உன் அறைக்குள் பூனை எப்படிப் போனது என்று கேட்காதே. பூனையிடம் போய்க் கேள்.

இந்த வாரம் எனக்கு நிறைய வேலை. உன்னைப் போல மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பார்த்துப் பெருமூச்சு விட நேரம் இல்லை. உன் தலையணைகளையும் மெத்தையையும் வெளியே வெயிலில் போட்டேன். போட வேண்டும் என்று தோன்றியது, போட்டேன். தோள்பட்டை வலிக்கிறது. திரையை உதறியதால் இல்லை. வேறு காரணம். அது உனக்கு வேண்டாத விஷயம்.

குழாய்க்காரம்மாவிடம் பேசினேன். மாதம் ஒருமுறை என்றேன். "மாசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுற வீட்டுக்கு நான் போறதில்லைம்மா. அதுக்குள்ள எல்லாம் பழசாகிடும், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி முதுகு ஒடியும்" என்றாள். சரி, நம் வீட்டில் ஒருத்தன் வாரம் ஒருமுறை கேட்கிறான் என்றேன். "வாரா வாரம் எனக்கு நாளே இல்லை. ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் காலியா இருக்கு. வேணும்னா சொல்லுங்க, வேண்டாம்னா இட்லிக்கடைக்காரர்..." என்று ஏதோ ஆரம்பித்தாள், இன்னொருவர் அந்த நாளுக்குக் காத்திருக்கிறாராம். தொழில்காரிக்கு எவ்வளவு கிராக்கி பார். நம் இரண்டு பேரையும் கேட்காமல் அவளே முடிவு செய்துவிட்டாள். நான் தோற்கவில்லை. நீ ஜெயிக்கவும் இல்லை.

கூடம் இப்போது பெரிதாகத் தெரிகிறது என்றும் சொன்னாள். யார் கேட்டார்கள் அவளை?

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஒட்டில் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மகளுடைய கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பேத்தி பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்துவிட்டு, "தாத்தா, வெறும் கோந்து" என்றாள். நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதமும் இப்படி வந்ததில்லை. உன் கல்யாணப் பேச்சை நீயே வேண்டாம் என்று சொல்லி எனக்கு எழுதினாயே, நான் அப்போது வெளியூரில் வேலைப் பயிற்சியில் இருந்தேன், அந்த உறையில்கூடப் பச்சை இருந்தது.

தோள்பட்டை வலி என்கிறாய். கூடம் பெரிதாகத் தெரிகிறது என்கிறாய். கூடத்தில் வெட்டு மேசையும் மெஷினும் இருந்தால் அது எப்படிப் பெரிதாகத் தெரியும்?

அக்கா, வேலையை நிறுத்திவிட்டாயா?

தட்டில் நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நீ பார்ப்பதற்கு முன்பிருந்தே தெரியும். என் கைக்குட்டை எந்த நாளில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று துவைக்கிற எனக்குத் தெரியாதா? மஞ்சள் வெட்டினால் மஞ்சள், நீலம் வெட்டினால் நீலம். தைப்பதைக் கூடத்தில் வைத்துக்கொள்ளாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது உன் வீடு, உன் கூடம். அந்த மேசை போட்டபிறகுதான் அதைச் சுற்றி அந்த வீடே வந்தது. அதனால்தான் சுற்றி வளைத்து, பெருக்க ஆள் வை என்று கேட்டேன். அடிக்கடி பெருக்கினால் நீயும் தைக்கலாம், நானும் இருக்கலாம் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வாரம் ஒருமுறை என்று பிடிவாதமாக நின்றேன். உன்னைக் குறை சொல்வதற்காகவும் இல்லை, ஜெயிப்பதற்காகவும் இல்லை.

நீ மெஷினை நிறுத்திவிட்டால் நான் அந்த வீட்டுக்கு வந்து எதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது? தும்மிவிட்டுப் போகிறேன். பக்கத்து வீட்டு நாய்க்கும் வேலை வேண்டும்.

மேசையை இருந்த இடத்திலேயே போடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். உனக்குப் பிடிக்காவிட்டால் அந்த ஆள்கூட வேண்டாம். வருகிற வியாழன் மதிய வண்டியில் வருகிறேன். போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இதற்குப் பதில் ஒரு வரி எழுது.

தம்பி

ஏப்ரல் 7

தம்பிக்கு,

ஒரு வரி கேட்டாய். உனக்கு ஒரு வரி போதாது.

வேலையை நிறுத்திவிட்டேனாம். யார் தலையில் இடி விழுந்தால் நான் நிறுத்துவேன்? விடுதிக்காரரின் நீலத் திரை அத்தனையும் முடித்துக் கொடுத்தாயிற்று. மனிதர் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தையல் எங்கேம்மா இருக்கு, தெரியவே இல்லையே" என்றார். தெரிந்தால் அது தையலா?

மேசையைக் கார் அறைக்கு மாற்றினேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. காரணம் அதுதான். பெரிய கதவைத் திறந்துவிட்டால் வெயில் நேராக மேசைமேல் விழுகிறது, கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கலாம். இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதே. இத்தனை வருஷம் என் கண் நன்றாக இருந்தது. குழாய்க்காரம்மாவின் அண்ணன் தள்ளுவண்டி கொண்டுவந்தார், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தோம். உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே போட்டபோது நீ ஓட்டுவேன் ஓட்டுவேன் என்று சொல்லி ஓட்டாத சைக்கிள் கிடைத்தது. வந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போகும்.

தட்டைப் பற்றி எழுதுகிறேன். கண்டதைக் கண்டபடி எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன், சொன்ன சொல் மாற மாட்டேன். பூனை வரவில்லை. சமையலறைத் தட்டில் நீலம் இருந்தது. குளியலறைத் தட்டில் நீலம் இருந்தது. உன் அறைத் தட்டிலும் நீலம். ஆனால் உன் அறைத் தட்டு செல்லாது. கதவிடுக்கில் நான் வைத்து அடைத்த துணியும் அதே நீலத் திரையின் வெட்டுத்துண்டுதான். கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்தேன், வைத்தது எதுவென்று பிறகுதான் பார்த்தேன். எந்தப் பஞ்சாயத்திலும் அந்தச் சாட்சி நிற்காது.

அதனால்தான் உன் தலையணையை வெளியே எடுத்துப் போய்க் துணி காயப்போடுகிற கம்பத்தில் சாத்திப் பிரம்பால் தட்டினேன். நீலம் வந்தது. மஞ்சள் வந்தது. இன்னும் தட்டினேன். போன வருஷம் பள்ளிக்கூட மேடைக்குத் தைத்த திரையின் அரக்குச் சிவப்பு வந்தது. நல்ல துணி அது. அப்போதே சொன்னேன், சாயம் போகாது என்று. போகவில்லை.

தலையணை புதிது வாங்கியிருக்கிறேன். பழையது தட்டையாகிவிட்டது, அதனால்.

இனி சில விஷயம். வேலை செய்கிற மேலங்கியைக் கார் அறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குள் வருகிறேன். அங்கே கொக்கி ஒன்று சும்மா இருந்தது. துணியை முற்றத்தில் வைத்து உதறுகிறேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிடித்தால் யாரும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். கார் அறைக்குள் வந்தால் போகும்போது சட்டையை உதறிவிட்டுப் போ.

குழாய்க்காரம்மா ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வருவாள். "வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அதையெல்லாம் நீ சொல்ல முடியாது. அவளிடம் நாள் வாங்கியாயிற்று. நீ வருகிற அதே வியாழன்தான் அவள் முறை. உன் அறையைக் கடைசியில் செய்வாள், அதுவரை வாசல் பக்கம் உட்கார்ந்திரு, குறுக்கே போகாதே. முந்தின நாள் நான் வீட்டைச் சுத்தம் செய்வதில்லை என்று அவளிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கண்ணாடியை மட்டும் துடைப்பேன். அது கணக்கில் வராது.

மெஷின் சத்தம். நீ அதை எழுதியதால் சோதித்தேன் என்று நினைக்காதே, எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குழாய்க்காரம்மாவைக் கூடத்தில் உன் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பேப்பரைக் கொடுத்துவிட்டு, கார் அறைக்குப் போய் மெஷினை ஓட்டினேன்.

"கேக்குதா?" என்று கத்தினேன்.

"கேக்குது."

"நிறுத்தினது?"

"அதுவும் கேக்குது. போதும்மா, விடுங்க, எனக்கு வேலை இருக்கு."

உன் நாற்காலியை மட்டும் பின்ஜன்னல் பக்கம் ஒரு முழம் நகர்த்தியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் நீ ஒட்டைப் பார்த்திருப்பாய். சிவப்பு. அது தானாக வந்து மாட்டியது இல்லை, இங்கே இனி எதுவும் தானாக மாட்டாது. தேடி எடுத்து, கோந்து தடவி, நானே வைத்து ஒட்டினேன். அதே சிவப்பில் உன் அறை ஜன்னலுக்குத் திரை வெட்டிக்கொண்டிருக்கிறேன், பஞ்சு உதிராத ரகம், இரண்டு முறை அலசியது. மாட்டியபிறகும் நீ தும்மினால் அது உன் மூக்கின் குற்றம்.

அக்கா